மழைக்காலத்தில் இழைப்புளியைத் தொடாதீர்கள்

பழைய மரச்சாமான்களைப் பழுது பார்த்தே வயிறு வளர்த்தவன் நான். இப்போது உளி பிடித்தால் கை நடுங்குகிறது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, அதனால் யோசனை கேட்டு வருகிறார்கள். பாகப்பிரிவினையில் தாத்தாவின் பீரோ வந்து சேர்ந்தவர்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஆசைப்பட்டு ஒரு கட்டிலை வாங்கி லாரியில் ஏற்றிவிட்டவர்கள், இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்திருக்கும் பிள்ளைகள் என்று பல தரம். எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன பாலிஷ் போடலாம்?" என்றுதான். "எங்கே வைக்கலாம்?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். செட்டிநாட்டு வீடு ஒன்றில் மூன்று தலைமுறை நின்ற பீரோ, சென்னை அடுக்குமாடியில் மூன்றே வருடத்தில் வெடிக்கிறது என்றால் குற்றம் பாலிஷில் இல்லை, வைத்த இடத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை எண் போட்டு எழுதுகிறேன். வரிசைக்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, நினைவுக்கு வந்தபடி வருகிறது.

1. "மரம் மூச்சு விடும்" என்று சொல்லிச் சொல்லி எங்கள் ஆட்களே அதை நம்பிவிட்டார்கள். விடாது. வெட்டிய மரம் செத்த மரம். ஆனால் செத்த பிறகும் அதற்குத் தாகம் போகவில்லை. காற்றில் ஈரம் கூடினால் குடிக்கும், குறைந்தால் கக்கும். குடித்தால் உப்பும், கக்கினால் சுருங்கும். தேக்கானாலும் ஈட்டியானாலும், நூறு வயதானாலும் இந்தக் குணம் மாறாது.

கொஞ்சம் கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் அறையில் நீண்ட நாள் நின்ற மரத்தில், அதன் உலர்ந்த எடையில் சுமார் 16 சதவீதம் தண்ணீர் இருக்கும். 50 சதவீத ஈரப்பதத்தில் அது 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். முகப்பு அறுப்பாக அறுத்த 18 அங்குல அகலத் தேக்குப் பலகை அந்த இடைவெளியில் ஐந்தாறு மில்லிமீட்டர் குறுகும். அகலத்தில்தான் இவ்வளவும், நீளத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இராது. ஒரே மரம் ஒரு திசையில் அசைகிறது, மறு திசையில் அசையாமல் நிற்கிறது. நம் தொழிலின் பாதி வித்தை இதைச் சமாளிப்பதுதான்.

பழைய பீரோக் கதவைப் பாருங்கள். நாலு பக்கமும் சட்டம், நடுவில் பலகை. சட்டத்தில் காடி எடுத்து அதற்குள் பலகையைச் சொருகி, பசை வைக்காமல் விட்டிருப்பார்கள். பலகை உப்பினால் காடிக்குள் போகும், சுருங்கினால் வெளியே வரும். கோடையில் பலகையின் ஓரத்தில் பாலிஷ் படாத வெளிர்க் கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்துப் பதறிப்போய் பசை ஊற்றி அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கோடையில் கதவு நட்டநடுவில் பிளந்திருக்கும். அசைய இடம் கொடுத்துச் செய்த பொருளை அசைய விடாமல் கட்டிப்போட்டால் அது வேறு எங்கே போகும்?

ஈரமும் வறட்சியும் கெடுத்த மரத்தைவிட, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவசரமாகத் தள்ளப்பட்டுக் கெட்ட மரத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

2. சாமான் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பர்மா தேக்கு. நகரத்தார் ரங்கூனிலும் மௌல்மீனிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தபோது அந்த வழி அடைபட்டது. வந்த மரம் நல்ல மரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் மரத்தின் புகழை மட்டும் பாடிவிட்டு வீட்டை மறந்துவிடுகிறோம். தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, நடுவில் திறந்த முற்றம், ஒரு வாசலில் நின்றால் மறு வாசல் தெரிகிற நேர்கோட்டு அமைப்பு. வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்கட்டில் அது மெதுவாகத்தான் தெரியும். மழை பிடித்தாலும் அப்படியே. அந்த வீடு மரத்துக்கு ஒரு போர்வை மாதிரி இருந்தது.

அங்கிருந்து எடுத்து ஒரே ராத்திரியில் ஏ.சி. அறைக்குள் தள்ளாதீர்கள். புது இடத்தில் ஜன்னல் திறக்கிற, ஏ.சி. இல்லாத அறை ஒன்றில் ஒரு மண்டலம் நிற்கட்டும். நாற்பத்தெட்டு நாள் என்பது என் சொந்தக் கணக்கு, விஞ்ஞானம் அல்ல. ஐயப்ப சாமிக்கு விரதம் இருக்கிற நாட்டில் பீரோவுக்கும் இருக்கலாம், தப்பில்லை.

3. ஏ.சி. வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் யார் கேட்கப்போகிறீர்கள்? ராத்திரி பத்து மணிக்குப் போட்டுக் காலை ஆறு மணிக்கு அணைக்கிறீர்களே, அதுதான் தொல்லை. எட்டு மணி நேரம் அறையின் ஈரத்தை இழுத்து வெளியே விடுகிறது. விடிந்ததும் ஜன்னலைத் திறக்கிறீர்கள், வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே வருகிறது. தடித்த கட்டையின் உள்பாகத்துக்கு இந்தச் சேதி போய்ச் சேரவே நாளாகும். மேல்தோலுக்கு உடனே தெரிந்துவிடும். மேல்தோல் சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கிற கட்டை இடம் கொடுக்காது. தினமும் இந்த இழுபறி நடந்தால் முதலில் பாலிஷில் முடி போன்ற கீறல்கள் விழும், பிறகு மரத்திலேயே விழும். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் காய்ந்த கண்மாயின் சேறு வெடித்த மாதிரி இருக்கும்.

ஏ.சி. காற்று நேராக அடிக்கிற சுவரை விடுங்கள், எதிர்ப்பக்கமும் வேண்டாம், பக்கவாட்டில் வையுங்கள். குளிரை 20இல் வைத்து அணைப்பதைவிட 26இல் வைத்து ஓடவிட்டால் மரத்துக்கும் நல்லது, மின்கட்டணத்துக்கும் நல்லது. ஈரப்பதம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் பீரோவின் மேல் வையுங்கள். எண் 50இல் நிற்கிறதா 60இல் நிற்கிறதா என்பதைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தினமும் குதித்தால்தான் கவலை.

4. மழைக்காலத்தில் இழுப்பறை சிக்கினால் இழைப்புளியைத் தொடாதீர்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு கார்த்திகை மாதம். ஒரு ஆச்சி வீட்டு எழுத்து மேசை. மூன்று இழுப்பறையும் அசையவில்லை. எங்கள் பட்டறையின் பெரிய ஆசாரி வெளியூர் போயிருந்தார். என் திறமையைக் காட்ட அதைவிட நல்ல சமயம் எது? மூன்றையும் பிடுங்கி எடுத்து இரண்டு பக்கமும் இழைத்தேன். வெண்ணெயாக ஓடியது. ஆச்சி காபி கொடுத்தார், கூலிக்கு மேல் கொடுத்தார்.

பங்குனியில் ஆள் வந்தது. இழுத்தால் இழுப்பறை கையோடு வந்து காலில் விழுகிறது, உள்ளே தள்ளினால் கோணிக்கொண்டு நிற்கிறது. பெரிய ஆசாரி என்னைத் திட்டவில்லை. ஓரத்தில் புதுச் சில்லு ஒட்டிச் சரிசெய்து கொடுத்துவிட்டு, ஒட்டியதற்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கூலியை என் கணக்கில் கழித்தார்.

சிக்கினால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உள்ளே இருக்கிற கனத்தை எடுங்கள். இழுப்பறை ஓடுகிற ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள், இல்லாவிட்டால் காய்ந்த சோப்பு. அதற்கும் வரவில்லையென்றால் தை மாதம் வரை காத்திருங்கள். தை பிறந்தால் இழுப்பறைக்கும் வழி பிறக்கும். மாசியிலும் சிக்கினால் மட்டும் அது தேய்மானமோ கோணலோ, அப்போது ஆளைக் கூப்பிடுங்கள்.

5. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். வெளிச்சுவராக இருந்தால் இன்னும் மோசம். ஐப்பசி மழையில் சுவர் குடித்த தண்ணீர் பீரோவின் முதுகுக்கு வரும். முன்பக்கம் காய்ந்து பின்பக்கம் நனைந்தால் பலகை வளையாமல் என்ன செய்யும்? நாலு விரல் இடைவெளி விட்டால் காற்றும் போகும், கரையான் ஏறினால் கண்ணுக்கும் தெரியும்.

தரை துடைக்கிறவர்களிடம் தயவாகப் பேசிக்கொள்ளுங்கள். பழைய மேசையின் கால் அடியில் மரத்தின் நார் முடிகிறது. அந்த வாய் வழியாகத் தண்ணீர் ஏறுகிற வேகம் பக்கவாட்டில் ஏறுவதைவிடப் பல மடங்கு. தினமும் ஈரத் துணி காலைச் சுற்றிப் போய்வந்தால் கீழே இரண்டு அங்குலம் முதலில் கறுக்கும், பிறகு பஞ்சாகும். சாமானைப் படுக்கவைத்து கால்களின் அடியில் உருகிய தேன்மெழுகைப் பூசிவிடுங்கள். கடப்பா கல் துண்டு ஒன்றை அடியில் கொடுத்தால் போதும். எறும்பு வராமல் இருக்க வலையலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திய பாட்டிமார்கள் எறும்பை ஜெயித்தார்கள், காலை இழந்தார்கள். கிண்ணத்துக்குள் கல் வைத்து அதன்மேல் காலை வைத்திருந்த வீடுகளில் மட்டும் இரண்டும் பிழைத்தன.

6. வெயில். மேற்கு ஜன்னலை ஒட்டி எதையும் வைக்காதீர்கள். மரத்தின் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெளிச்சம் சிதைக்கிறது. ஜன்னல் கண்ணாடி காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள், புற ஊதாக் கதிரில் ஒரு பங்கைத்தான் அது தடுக்கும். மிச்சக் கதிரும், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் உள்ளே வந்து வேலையைச் செய்யும். ஈட்டி மரத்தின் ஊதா கலந்த கருமை வெளுத்துப் பழுப்பாகும். தேக்கு முதலில் கறுத்து, வெயில் நேராகப் படப்பட உயிரற்ற வெளிர் நிறத்துக்குப் போகும். அருங்காட்சியகங்களில் மரச்சாமான்மேல் விழும் வெளிச்சம் 200 லக்ஸுக்கு மேல் போகாமல் பார்ப்பது வழக்கம். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது, சாயம் பூசி ஏமாற்றலாம், அவ்வளவுதான்.

மேசையின் நடுவே விரித்த துணியை வருடக்கணக்கில் எடுக்காமல் விட்டாலும் இதே கதை. எடுக்கும்போது துணியின் பூவேலை அப்படியே மரத்தில் அச்சடித்திருக்கும். மாதம் ஒரு முறை இடம் மாற்றுங்கள்.

7. பூச்சி. இதில் மூன்று எதிரிகளைப் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

மண் குழாய் கட்டிக்கொண்டு வருவது நிலத்துக் கரையான். அதன் வீடு உங்கள் பீரோவில் இல்லை, தரைக்கு அடியில் இருக்கிறது. பீரோவுக்கு மருந்தடித்துப் பயனில்லை, வழியை அடைக்க வேண்டும்.

மண்ணே இல்லாமல் கசகசா போன்ற சின்னச் சின்ன மணிகள் கீழே குவிந்தால் அது உலர்மரக் கரையான். அந்த மணிகள் அதன் எச்சம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு பட்டை தெரியும். இது கட்டைக்குள்ளேயே குடித்தனம் நடத்தும், நிலத்தோடு அதற்கு உறவில்லை.

குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டை, அடியில் கோதுமை மாவு போன்ற நைஸான பொடி என்றால் உளு வண்டு. நீங்கள் காண்கிற ஓட்டை அது உள்ளே போன வழியல்ல, உள்ளே புழுவாகத் தின்று வளர்ந்து வண்டாகி வெளியே வந்த வழி. ஓட்டையைப் பார்த்துப் பதறுவது கள்ளன் போன பிறகு கதவைப் பூட்டுகிற கதை. ஆனாலும் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே. பழைய ஓட்டையிலிருந்தும் சாமானை அசைத்தால் பொடி கொட்டும். அதனால் எல்லாவற்றையும் பெருக்கித் துடைத்துவிட்டு அடியில் ஒரு கறுப்புத் தாளை விரியுங்கள். அசைக்காமல் பதினைந்து நாள் விடுங்கள். தாளில் புதிதாக வெளிர்ப் பொடி விழுந்திருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது.

"பர்மா தேக்கைப் பூச்சி அரிக்காது" என்பார்கள் கடைக்காரர்கள். வைரம் பாய்ந்த தேக்கில் இயற்கையாகவே பூச்சிக்குப் பிடிக்காத பொருள்கள் இருப்பது உண்மை. ஆனால் வைரத்தைச் சுற்றியிருக்கிற வெள்ளைக் கட்டையில் மாவுச்சத்து உண்டு, உளு வண்டுக்கு அது விருந்து. இன்னொன்றும் இருக்கிறது: அந்தக் காலத்து ஆசாரியும் வயிற்றுப்பிழைப்புக்காரன்தான். முன்னால் தேக்கு, முதுகில் மாமரம் என்று செய்த பீரோக்கள் ஏராளம். வாங்கும்போது முகத்தைப் பார்த்து மயங்காமல் முதுகைத் திருப்பிப் பாருங்கள், இழுப்பறையின் அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள்.

புதிதாக வந்த எதையும் மற்ற சாமான்களோடு உடனே சேர்க்காதீர்கள். முன்பு சொன்ன அதே ஒரு மண்டலம் இங்கேயும் உதவும். வேப்பிலை, வசம்பு எல்லாம் இழுப்பறையில் போடலாம், துணிப்பூச்சி ஒதுங்கும். கட்டைக்குள் இருப்பவனுக்கு அது ஒன்றும் செய்யாது. மண்ணெண்ணெயை ஊசியில் ஏற்றி ஓட்டைக்குள் விடுகிற பழக்கம் எங்கள் பட்டறையிலும் இருந்தது. வீட்டுக்குள் அதைச் செய்யாதீர்கள். நாற்றம் போகாது, பாலிஷ் ஏறாது, நெருப்புப் பயம் வேறு.

8. மேலே மின்னுவது என்ன என்று தெரியாமல் எதையும் துடைக்காதீர்கள். பழைய நல்ல சாமான்களில் பெரும்பாலும் அரக்குப் பாலிஷ்தான், பிரெஞ்சு பாலிஷ் என்று நாங்கள் சொல்வது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொதியால் நூறு தடவை இழுத்துக் கொண்டுவந்த மினுமினுப்பு. ஸ்பிரிட்டில் கரைந்தது ஸ்பிரிட்டில் மறுபடியும் கரையும் அல்லவா? 2020இல் வீடு வீடாக சானிடைசரைத் தெளித்துத் துடைத்தார்கள். அடுத்த வருடம் முழுக்க எனக்கு வேலை, கைப்பிடிகளும் மேசை விளிம்புகளும் தோலுரிந்து வந்தன. சந்தேகம் இருந்தால் கண்ணில் படாத மூலையில் பஞ்சால் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு.

சூடான டம்ளர் வைத்து வெள்ளை வளையம் விழுந்தால் பயப்படாதீர்கள், ஈரம் பாலிஷுக்குள்தான் மாட்டியிருக்கிறது. சில வாரம் விட்டால் சிலது தானே மறையும். வளையம் கறுப்பாக இருந்தால் தண்ணீர் மரத்துக்கே போய்விட்டது, இரும்புச் சத்தும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து மையாகிவிட்டது. அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். நூறு வருடக் கைபட்ட மெருகு மேலே ஒரு முடிக் கனம்தான் இருக்கிறது. உப்புத்தாள் இரண்டு நிமிடத்தில் அதைத் தின்றுவிடும், அப்புறம் உங்களிடம் இருப்பது புது மேசை.

9. எண்ணெய் தேய்க்காதீர்கள். "மரம் காய்ந்திருக்கிறது, எண்ணெய் வேண்டும்" என்பது நம் தலைமுடி வைத்தியம், மரத்துக்குச் செல்லாது. தேங்காய் எண்ணெய் என்றைக்கும் காயாது. பிசுக்காக நின்று தூசியைச் சேர்த்துக் கறுப்புப் படலமாகும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் வருடம் போகப்போகக் கறுக்கும், எடுக்கவும் வராது. அந்த எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் குவித்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும், இது கதையல்ல. விரித்துக் காயப்போடுங்கள்.

வேண்டியது தேன்மெழுகு, வருடத்துக்கு ஒரு முறை. ஒரு பங்கு மெழுகைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்கி, அடுப்பை அணைத்து, நெருப்பிலிருந்து தள்ளிக் கொண்டுபோன பிறகு மூன்று பங்கு டர்பன்டைன் ஊற்றிக் கலக்கி ஆறவிடுங்கள். நெய் பதத்துக்கு வரும். துளி எடுத்துத் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் மினுக்குங்கள். மற்ற நாளெல்லாம் காய்ந்த மெல்லிய துணி போதும்.

10. பூட்டிய வீடு. செட்டிநாட்டில் இது பெரிய துக்கம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் வீடு திறக்கிறது. நடமாட்டம் இருக்கிற வீட்டில் கதவு திறக்கும், காற்று ஓடும், தண்ணீர் ஒழுகினால் யாராவது பார்ப்பார்கள், பொடி விழுந்தால் பெருக்குகிறவள் சொல்வாள். பூட்டிய வீட்டில் ஒரு ஓடு நகர்ந்தாலும் ஆறு மாதம் ஒரே இடத்தில் சொட்டும். அறைக்காற்றின் ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் சாம்பல் நிறப் பூசணம் பிடிக்கும். கரையானுக்கும் இருட்டு, ஈரம், தொந்தரவில்லாமை மூன்றும்தான் வேண்டும், வாடகையில்லாமல் மூன்றையும் கொடுக்கிறோம்.

ஒருமுறை வருடக்கணக்காகத் திறக்காத அறையில் கட்டில் ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. தலைமாட்டுச் சித்திரவேலையில் கிளி அப்படியே உட்கார்ந்திருந்தது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன், கிளிக்குள் விரல் போய்விட்டது. மேல்தோலை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கரையான் தின்றிருந்தது.

வீட்டைத் திறக்க முடியாதென்றால் பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுங்கள். மாதம் இரண்டு நாள், மழையில்லாத பகலில், கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்தாலே போதும். பீரோக் கதவுகளையும் திறக்கச் சொல்லுங்கள். பலபேர் அதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிவிட்டுப் போகாதீர்கள், ஈரம் உள்ளேயே வேகும். பருத்தி வேட்டி போதும்.

11. வெள்ளம் புகுந்தால். 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோது எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் ஒரே மாதிரியான தேக்கு மேசைகள் இரண்டு நாள் முழுகிக் கிடந்தன. ஒரு வீட்டில் மழை விட்டதும் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் காயவைத்தார்கள். இன்னொரு வீட்டில் தூக்க ஆள் கிடைக்கவில்லை. அங்கேயே நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, துணியால் ஒற்றி, நிழலில் செங்கல் மேல் தூக்கி நிறுத்தி, நேராகப் படாமல் மின்விசிறியை ஓடவிட்டார்கள். முதல் மேசையின் மேற்பலகை நான் பார்க்கும்போது வில்லாக வளைந்து இரண்டு இடத்தில் விட்டிருந்தது. இரண்டாவதில் பாலிஷ் போயிற்று, பூட்டுகள் துருப்பிடித்தன, மரம் நின்றது. காய்வதற்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இரண்டாவது மேசையில் மூட்டுகள் ஆடின, உண்மை. பழைய வேலையில் வஜ்ஜிரம்தான் பசை, மாட்டுத்தோல் எலும்பிலிருந்து காய்ச்சுவது, தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும். அது குறையல்ல, வசதி. விட்ட மூட்டைச் சுத்தமாகக் கழற்றி மறுபடியும் வஜ்ஜிரம் வைத்துச் சேர்க்கலாம். இப்போது வருகிற வெள்ளைப் பசையை ஊற்றியிருந்தால் அடுத்த முறை கழற்றுகிறவன் உடைத்துத்தான் கழற்ற வேண்டும்.

12. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டொராண்டோவில் குளிர்காலத்து ஹீட்டர் ஓடும் அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போகும். மரத்திலுள்ள தண்ணீர் 6 சதவீதமாகிவிடும். நம் ஊர் மரம் இந்த ஊரில் காணாத வறட்சி அது. காற்றில் ஈரம் சேர்க்கிற கருவி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். கிளம்புவதற்கு முன் சட்டத்தையும் விசாரியுங்கள். ஈட்டி மரம் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. நூறு வயது தாண்டிய கலைப்பொருள்களை வெளியே அனுப்ப 1972ஆம் வருடச் சட்டம் குறுக்கே நிற்கும்.

13. வட்ட மேசை வாங்கினால் அளவு நாடா கொண்டுபோங்கள். நீளவாக்கில் ஒரு தரம், குறுக்குவாக்கில் ஒரு தரம் அளந்து பாருங்கள். ஒரே மரப் பலகைகளால் செய்த உண்மையான பழைய வட்டம் வட்டமாக இராது, நாருக்குக் குறுக்கே சில மில்லிமீட்டர் சுருங்கியிருக்கும். கச்சிதமான வட்டமாக இருந்தால் கடைக்காரரிடம் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்.

14. விரிசலைக் கண்டால் உடனே அடைக்காதீர்கள். கோடையில் திறந்த விரிசலில் மக்கு வைத்து அடைத்தால், மழையில் பலகை உப்பும்போது அந்த மக்கே ஆப்பாகி வேறோர் இடத்தைப் பிளக்கும். ஒரு வருடம் முழுக்கப் பாருங்கள். பீரோக் கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் தேதியும், விரிசலின் அகலமும், அன்றைக்குக் கருவி காட்டிய ஈரப்பதமும் எழுதிவையுங்கள். ஒவ்வொரு கோடையிலும் திறந்து ஒவ்வொரு மழையிலும் மூடினால் அது சுருக்கம், விட்டுவிடலாம். மழையிலும் மூடாமல் வருடத்துக்கு வருடம் வளர்ந்தால் எங்கோ இறுக்கிப் பிடித்திருக்கிறது, அந்தப் பிடியைத் தேடித் தளர்த்த வேண்டும்.

என் வீட்டு பீரோக் கதவின் உள்பக்கத்தில் பெரிய ஆசாரி எழுதிய வரிகளுக்குக் கீழே என் வரிகள் இருக்கின்றன. அவருடையதில் தேதி தமிழ் மாதத்தில், அளவு நூல் கணக்கில். கடைசியாக நான் எழுதியது இந்த ஐப்பசியில். இடைவெளி இல்லை, ஈரம் 84. கதவு சாத்த முழங்காலால் ஒரு தள்ளு வேண்டியிருக்கிறது. இழைத்து விடட்டுமா என்று பேரன் கேட்டான். தை வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.